கித்தாக் குழாயும் கிள்ளான் முகூர்த்தமும்

என் தம்பியின் மோட்டார் வண்டிக்கு ஜன்னல் திரைகள் உண்டு. நீலத் துணியில் வெள்ளைப் பூப்போட்ட திரைகள். அவனே வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, மெல்லிய கம்பியில் கோத்து மாட்டியவை. அந்த வண்டி பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் சந்துக்குள் முதன்முதலாக நுழைந்த மாலை, திரைகள் காற்றில் வெளியே பறந்துகொண்டிருந்தன. பின்பக்கக் கொடியில் அவனுடைய சாரமும் துண்டும் காய்ந்துகொண்டிருந்தன. பழைய பஸ் ஒன்றின் உடம்புக்குள் இரண்டு பலகைக் கட்டில், ஒரு மூலையில் கரியடுப்பு, குலுக்கலில் டப்பாக்கள் விழாதபடி சட்டம் அடித்த அலமாரி, டிரைவர் தலைக்கு மேலே முருகன் படம். பக்கத்து வீட்டு அம்மாள் அரிசி களைந்த கையோடு வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, "டீச்சர், உங்க தம்பி வந்துட்டாரு. வீட்டையும் கையோட கூட்டிக்கிட்டு வந்துட்டாரு" என்றாள். சந்து முழுவதும் சிரித்தது. அவனும் சிரித்தான். நான் மட்டும் உள்ளே போய்க் கதவைப் பாதி சாத்திக்கொண்டேன்.

அவன் என்னைவிட ஏழெட்டு வயது இளையவன். செந்தூல் பட்டறையில் என் கணவர் சொல்லித்தான் வேலைக்குச் சேர்ந்தான். சங்கு ஊதினால் உள்ளே போய், சங்கு ஊதினால் வெளியே வருகிற பிழைப்பு அவனுக்கு ஒத்துவரவில்லை. பிறகு பஸ் ஓட்டினான். அந்த பஸ்ஸை ஒதுக்கித் தள்ளியபோது அவனே வாங்கிக்கொண்டு, கிராமபோன் பெட்டியும் இசைத்தட்டுகளும் ஏற்றி ரப்பர்த் தோட்டம் தோட்டமாகப் போய் விற்கத் தொடங்கினான். சம்பளம் போட்ட வாரத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து முன்னால் வண்டியை நிறுத்தி ஒரு தட்டைச் சுழல விடுவான். கூட்டம் தானே சேரும். இருட்டினால் அங்கேயே சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குவான். என் கணவர் ரயில்வே அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போகிறவற்றைத்தான் அவர் மதிப்பார். "உன் தம்பிகிட்ட விலாசம் கேட்டா நம்பர் பிளேட்டைத்தான் காட்டுவான்" என்பது அவர் அடிக்கடி சொல்லும் கேலி. தம்பி காதில் விழும்படியே சொல்வார். "அத்தான், என் வீட்டுக்கு நாலு பக்கமும் புதுசு புதுசா அக்கம்பக்கம். உங்களுக்கு எப்பவும் அதே பக்கத்து வீடுதான்" என்று அவனும் விட்டுக்கொடுக்காமல் பதில் சொல்வான்.

எனக்கு இரண்டு பெண்கள். இந்த நினைவு மூத்தவளின் கல்யாணத்தைப் பற்றியது. ஆனால் அதைச் சொல்ல, அதற்கு முன்னால் நடக்காமல் போன கல்யாணத்தைச் சொல்லியாக வேண்டும். சிரம்பானிலிருந்து ஒரு இடம் வந்து, நிச்சயமாகி, பத்திரிகையும் அச்சடித்து, பந்தல்காலும் நட்ட பிறகு, "எங்களுக்கு இந்த இடம் சரிவராது" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஏன் என்று கடைசி வரை சொல்லவில்லை. காரணம் தெரிந்திருந்தால் ஒரு நாள் அழுது தீர்த்திருப்போம். தெரியாததால் ஊரே ஆளுக்கொரு காரணம் சொல்லியது. என் பெண் ஒன்றும் சொல்லவில்லை. கலகலவென்று பேசி, பாடத்திட்டம் எழுதும் என்னைக்கூடச் சிரிக்க வைத்தவள், அவர்கள் ஆளனுப்பிய நாளிலிருந்து கேட்டதற்கு மட்டும் பதில் சொல்பவளாக ஆகிவிட்டாள். அவள் அப்படி இருந்த காலத்தில் நான் வகுப்பில் நின்று பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு படபடத்து நாற்காலியைப் பிடித்துக்கொள்வேன். அந்தப் படபடப்பு இன்னும் என்னை முழுதாக விட்டுப் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் கிள்ளான் இடம் வந்தது. பையன் துறைமுகக் கிடங்கில் எழுத்து வேலை. நல்ல பையன், கண்ணைப் பார்த்துப் பேசுகிறவன். தகப்பன் இல்லாததால் அவனை வளர்த்தது பெரியப்பா. அந்தப் பெரியப்பா நிச்சயதார்த்தத்துக்கு வந்தபோது சந்தில் நின்றிருந்த வண்டியைக் குடையால் சுட்டிக்காட்டி, "இது யாருது?" என்றார். பெண்ணின் தாய்மாமனுடையது என்றோம். "இதுலயா குடியிருக்காரு?" என்றார். ஆமாம் என்று தம்பியே சொன்னான். பெரியவர் வெற்றிலையை மென்று முடித்தார். பிறகு என் கணவரைப் பார்த்து, "எங்க வீட்டுல நேரத்த நாங்க ரொம்ப பார்ப்போம். கிள்ளான் கோயில்ல முகூர்த்தம், ஒன்பதரைக்குள்ள. தாண்டிச்சுன்னா நாங்க எழுந்திருச்சுப் போயிருவோம். அப்புறம் மனஸ்தாபப்படக் கூடாது" என்றார். அன்றிரவு என் கணவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "ரயில்ல போறோம்" என்று மட்டும் சொன்னார்.

ரயிலில்தான் போயிருப்போம், தம்பி குறுக்கே நிற்காமல் இருந்திருந்தால். பெண்ணை மணமேடைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதும் கழுத்தில் முதல் மாலை போடுவதும் தாய்மாமன் உரிமை. அந்த ஒன்றை மட்டும் யாராலும் அவனிடமிருந்து பறிக்க முடியாது. "தாய்மாமன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். என் பொண்ணு மூணாம் வகுப்புல டிக்கெட் வாங்கிக்கிட்டு, கூடைக்காரி பக்கத்துல உட்கார்ந்து வரணுமா அக்கா? என் வீட்டுலதான் வரும்" என்றான். மகள் என்ன சொல்கிறாள் என்று பார்த்தேன். "மாமா கூடவே போலாம்மா" என்றாள். பல மாதங்களில் அவள் தானாக ஒன்றை வேண்டுமென்று சொன்னது அதுதான். அதன் பிறகு ரயில் பேச்சு எடுபடவில்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. பெண் பிறந்த வீட்டு விளக்கைக் கும்பிட்டு, நல்ல நேரத்தில்தான் படியிறங்க வேண்டும். எங்கள் ஜோசியர் குறித்த நல்ல நேரம் விடிந்து சற்று ஏறிய பிறகுதான் தொடங்கியது. அங்கே தாலி கட்ட ஒரு நல்ல நேரம், இங்கே படியிறங்க ஒரு நல்ல நேரம், இரண்டுக்கும் நடுவில் கிள்ளானுக்குப் போகிற ரோடு, எங்கள் பேச்சில் சடக்கு. அந்தச் சடக்குக்கு ஏதாவது நேரம் வேண்டியிருக்குமா என்று யாரும் யோசிக்கவில்லை. உறவுக்காரர்கள் எல்லாரும் காலை ரயிலில் முன்னதாகப் போய்விட்டார்கள். வண்டியில் தம்பி, நான், என் கணவர், இரண்டு பெண்கள், பிறகு சீர்வரிசைச் சாமான்கள். பட்டும் நகையுமாக மூத்தவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். குத்துவிளக்கும் குடங்களும் அண்டாவும் அவள் காலடியில் குலுங்கிக்கொண்டே வந்தன.

பெட்டாலிங் தாண்டி மேடு ஏறும்போது முன்னால் ஒரு சீறல் கேட்டது. பாம்பு என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த கணம் கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் வெள்ளை. தம்பி வண்டியை ஓரம் கட்டி, இஞ்சின் மூடியைத் துணியால் பிடித்துத் தூக்கினான். ஆவி குபீரென்று எழுந்து ஓரத்துக் கித்தா மரத்துக் கிளை வரை போனது; ரப்பருக்கு இங்கே கித்தா என்றுதான் பேர். இஞ்சினுக்கும் முன்னால் இருக்கிற ரேடியேட்டருக்கும் இடையே தண்ணீர் போய்வர ஒரு சாண் நீளத்தில் கறுப்பு ரப்பர்க் குழாய் ஒன்று இருக்கிறது. அது நடுவில் வாய் பிளந்திருந்தது. தண்ணீர் முழுவதும் செம்மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. "நேத்தே லேசா ஈரமா இருந்துச்சு. இரும்புப் பட்டைய முறுக்கி விட்டேன், நின்னுருச்சு" என்றான் தம்பி. என் கணவர் சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்தார். பார்த்தார். "ரயில் இப்ப பத்து தீகா ஸ்டேஷன்ல நிக்கும்" என்றார்.

முதலில் துணி சுற்றிப் பார்த்தான். என் பழைய சேலைக் கிழிசலை இறுக்கிக் கட்டி, பள்ளத்துத் தண்ணீரைச் சீர்க் குடத்தில் மொண்டு வந்து ஊற்றினான். ஊற்ற ஊற்றத் துணி வழியே சொட்டியது. அப்போதுதான் மரத்து நிரைக்குள்ளிருந்து கித்தாப் பால் வெட்டுகிற ஓர் அம்மாள், தோளில் வாளியோடு வெளியே வந்தாள். வண்டிக்குள் எட்டிப் பார்த்து மணப்பெண்ணைக் கண்டதும் வாளியை இறக்கி வைத்துவிட்டாள்.

"கல்யாணப் பொண்ணா? ஐயோ தாயி. என்னண்ணே ஆச்சு?"

"கித்தாக் குழாய் பிஞ்சிருச்சு."

"அவ்வளவுதானா? கித்தாக் காட்டுல நின்னுக்கிட்டு கித்தா இல்லைன்னு அழுவுறீங்களே" என்று சிரித்தாள். மரப்பட்டையில் முந்தின நாள் வழிந்து காய்ந்திருந்த ஒட்டுப்பாலை நீளநீளமாக உரித்து எடுத்துக்கொண்டு வந்தாள். இழுத்தால் முழ நீளம் வரும், விட்டால் சுருங்கும். தம்பி முகம் மலர்ந்துவிட்டது. குழாயின் கிழிந்த இடத்தில் அதைச் சுற்றுமேல் சுற்றாகச் சுற்றினான். மேலே வாளியிலிருந்து புதுப் பாலையும் வழித்துப் பூசினான். ரப்பருக்கு ரப்பர் ஒட்டாமல் போகுமா? எங்களில் ஒருவருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. இந்த நாட்டில் நாங்கள் வந்திறங்கியதே அந்த மரத்துக்காகத்தான். அதன் பால் எங்களைக் கைவிடும் என்று யாருக்குத் தோன்றும்? தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். ஒரு சொட்டு கசியவில்லை. அந்த அம்மாள் உள்ளே ஏறி என் மகளின் கன்னத்தைத் தொட்டு நெட்டி முறித்துவிட்டுப் போனாள். கணவர்கூட, "பரவாயில்ல மச்சான்" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததே தம்பிக்கு அரைக் கல்யாணம்.

வண்டி ஓடியது. தம்பி உற்சாகத்தில் பேசிக்கொண்டே வந்தான். இனி ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு சுருள் ஒட்டுப்பால் வாங்கி வைத்துக்கொள்ளப் போவதாகவும், குழாய் விற்கிற கடைக்காரர்கள் இனி வேறு வேலை பார்க்கலாம் என்றும் சொன்னான். பத்து தீகா ஸ்டேஷன் வந்தது, போனது. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மறுபடியும் அந்தச் சீறல். இந்த முறை மூடியைத் தூக்கியபோது நான் பார்த்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒட்டுப்பால் சூட்டில் இளகி, குழாயின்மேல் பெரிய கொப்புளமாக ஊதிக்கொண்டே வந்தது. மிட்டாய்க்காரன் பலூன் போல. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெடித்தது. கொதிநீர் தம்பியின் இரண்டு கைகளிலும் தெறித்தது. அவன் கத்தவில்லை, கைகளை உதறிக்கொண்டு இரண்டடி பின்னால் போய், சடக்கு ஓரத்தில் குந்திவிட்டான். குழாயிலிருந்து ஒட்டுப்பால் பழைய கஞ்சி மாதிரி இழை இழையாகத் தொங்கியது.

பின்னாளில் அவனே அதற்கு விளக்கம் சொன்னான். கடையில் விற்கிற குழாய் வெந்த ரப்பர், மரத்திலிருந்து உரிப்பது வேகாத ரப்பர். "வெந்த இட்லில விரிசல் விழுந்துச்சுன்னு மாவ பூசி அடுப்புல வச்ச கதைதான் அக்கா." ஆனால் அப்போது அவனிடம் கதை இல்லை. கைகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். என் கணவர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நேரம் என்ன என்று நான் கேட்கவில்லை. சடக்கில் ஒரு வண்டியும் வரவில்லை. சின்னவள் அழத் தொடங்கினாள். எனக்குக் கண்ணெதிரே கிள்ளான் கோயில் வாசல் தெரிந்தது. குடையை ஊன்றி எழுந்து நிற்கும் அந்தப் பெரியவர், பின்னால் ஒவ்வொருவராக எழுந்திருக்கும் அவருடைய உறவு, வெறும் மணமேடை. இன்னொரு முறை அது நடந்தால் என் பெண் இனி கேட்டதற்குக்கூடப் பதில் சொல்ல மாட்டாள். கடவுளே, வேறு எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே அந்தச் செம்மண்ணில் நின்றேன்.

அப்போது மூத்தவள் வண்டியிலிருந்து இறங்கினாள். பட்டை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நேராக இஞ்சினிடம் போய்க் குனிந்து பார்த்தாள்.

"மாமா, நடுவுலதான கிழிஞ்சிருக்கு? ரெண்டு முனையும் நல்லாத்தான இருக்கு?"

"ஆமா."

"நடுவ வெட்டி எறிஞ்சிட்டு, உள்ளுக்குள்ள ஒரு குழாய விட்டு, ரெண்டு பக்கமும் மாட்டிட்டா?"

தம்பி தலை நிமிர்ந்தான். "மாட்டலாம். இரும்போ பித்தளையோ, கெட்டிக் குழாயா வேணும். இந்தக் காட்டுல மரம்தான் இருக்கு. குழாய்க்கு எங்கம்மா போறது?"

அவள் வண்டிக்குள் ஏறினாள். சீர்ச் சாமான்களை ஒவ்வொன்றாக நகர்த்துகிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது அவள் கையில் ஊதுகுழல் இருந்தது. புது வீட்டு அடுப்பை ஊத, அவள் அப்பா பட்டறையில் சொல்லிச் செய்துவைத்த பித்தளை ஊதுகுழல். ரயில்வேக்காரர் செய்வித்தது என்பதால் கடைக் குழல்போல மெலிந்தது அல்ல, நல்ல தடிமன், கைப்பிடிக்குப் பெரியது. "அடுப்பு ஊதறதுக்கா, ரயில் ஓட்டறதுக்கா?" என்று வீட்டில் எல்லாரும் அவரைக் கிண்டல் செய்திருந்தோம்.

"வேண்டாம்" என்று நான் குறுக்கே போனேன். "சீர்ப் பொருளையா அறுக்கறது? அதுவும் முகூர்த்த நாள்ல. ஆகாதுடி."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமில்லை. "அம்மா, கல்யாணமே நடக்கலன்னா இந்தச் சீர வச்சு யாருக்குச் சோறாக்குவேன்? நீங்க போன தடவை எல்லாம் ஆகும் ஆகும்னு பார்த்துப் பார்த்துத்தான செஞ்சீங்க? என்ன ஆச்சு?" என்றாள். பிறகு சின்ன வயதில் இருந்த அதே குரலில், "நகருங்கம்மா, மாமாவுக்கு வெளிச்சத்த மறைக்கிறீங்க" என்றாள்.

நான் நகர்ந்தேன். எனக்கு, இவள் இப்படி நீளமாகப் பேசிவிட்டாளே என்பதுதான் மனதில் நின்றது. அப்போதே ஏதோ ஒன்று ஜெயித்துவிட்டது என்று நினைக்கிறேன்.

பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. தம்பியின் கை கொப்புளம் கட்டத் தொடங்கியிருந்தது, அதனால் அவன் வண்டிப் பெட்டியிலிருந்து எடுத்த இரும்பறுக்கும் ரம்பத்தை என் கணவர் வாங்கிக்கொண்டார். பேனா பிடித்த கை, ஆனால் அறுத்தார். கல்யாணப் பெண் குழலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள், வளையல்கள் ரம்பத்தின் தாளத்துக்குக் குலுங்கின. குழல் ரப்பர்க் குழாயைவிடச் சற்றுச் சிறியதாக இருந்தது. தம்பி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அத்தான், மன்னிச்சுக்கோங்க" என்று அவர் தோளிலிருந்த ஜரிகை அங்கவஸ்திரத்தை உருவி இரண்டாகக் கிழித்தான். அதைக் குழல்மேல் இறுக்கச் சுற்றி, குளிக்கிற சவுக்காரக் கட்டியைத் துணியில் நன்றாகத் தேய்த்து வழுவழுப்பாக்கி, ரப்பர் முனைகளை இரண்டு பக்கமும் திருகிச் செருகினான். மேலே இறுக்கிக் கட்டக் கம்பி வேண்டும். அவன் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. ஜன்னல் திரைக் கம்பியைப் பிடுங்கினான், நீலத் திரைகள் கட்டில்மேல் குவிந்து விழுந்தன. கம்பியை இடுக்கியால் முறுக்கும்போது அவன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. சின்னவளும் நானும் குடங்களில் தண்ணீர் சுமந்தோம்.

இஞ்சின் கிளம்பியது. எல்லாரும் குனிந்து அந்த இணைப்பையே பார்த்துக்கொண்டு நின்றோம், தொட்டிலைப் பார்ப்பது போல. சூடு ஏறியது. சவுக்கார நுரை ஒரு கொப்புளம் வந்து, அடங்கியது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. "ஏறுங்க ஏறுங்க" என்றான் தம்பி.

அந்த ஓட்டத்தைப் பற்றி எனக்கு அதிகம் சொல்லத் தெரியாது, பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் கிள்ளான் ஊருக்குள் நுழைந்தது நன்றாக நினைவிருக்கிறது. திரைகள் இல்லாத ஜன்னல்கள் வழியே ஊரே மணப்பெண்ணைப் பார்த்தது. கடைத்தெருவில் சைக்கிளை நிறுத்தி ஆட்கள் பார்த்தார்கள். சின்னவளை அழைத்து, "பெட்டியத் திருகி நாயனத் தட்டைப் போடு" என்றான் தம்பி. வண்டிக்குள்ளிருந்து நாகஸ்வரம் கிளம்பியது. பள்ளம் வரும்போதெல்லாம் முள் துள்ளி, ஸ்வரங்களும் தவிலடியும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. அப்படித்தான் நாங்கள் கோயில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

நான் பயந்த காட்சி அப்படியே இருந்தது. பெரியவர் குடையோடு எழுந்து நின்றுகொண்டிருந்தார். ஆனால் அவர் முன்னால், மணமேடையை விட்டு இறங்கி வந்து, பையன் நின்றுகொண்டிருந்தான். எங்கள் உறவுக்காரர்கள் பிறகு சொன்னார்கள், பெரியவர் புறப்படலாம் என்று சொன்னபோது, "நேரம் இன்னும் இருக்கு பெரியப்பா. நேரம் முடிஞ்சாலும் நான் இருப்பேன்" என்று சொன்னானாம். குரலை உயர்த்தாமல் சொன்னானாம். அதுவரை அந்தக் குடும்பத்தில் யாரும் அவருக்கு அப்படிப் பதில் சொன்னதில்லையாம்.

என் கணவர் கடிகாரத்தைத் திறந்தபடியே பெரியவரிடம் கொண்டுபோய் நீட்டினார். இன்னும் இருந்தது. தாலி கட்டப் போதுமான நேரம் இருந்தது.

மாலையைத் தட்டில் எடுத்துவந்தார்கள். தம்பி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். ஒரு கை முழுக்கக் கொப்புளங்களின்மேல் கரியும் எண்ணெயும், மறு கையில் தோல் உரிந்து சிவந்திருந்தது. "நீங்களே போட்டு விடுங்க அக்கா. இந்தக் கையோட எப்படி" என்றான் மெதுவாக. உரிமை உரிமை என்று அவ்வளவு சண்டை போட்டவன். பெரியவரும் அந்தக் கைகளைப் பார்த்தார்; முகம் சுளிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அதற்குள் என் மகள் அவன் பக்கம் திரும்பித் தலையைக் குனிந்துகொண்டாள். "மாமா போட்டாத்தான் நான் உள்ள வருவேன்" என்றாள். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். தம்பி மாலையைப் போட்டான். அவள் அவன் மணிக்கட்டை, புண் படாத இடமாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டாள். அப்படியே இருவரும் உள்ளே போனார்கள். வெள்ளைச் சம்பங்கியில் ஐந்து விரல் கரி படிந்திருந்தது. கெட்டிமேளம் முழங்கியபோது நான் அழவில்லை. சிரித்துக்கொண்டிருந்தேன் என்று பிறகு சொன்னார்கள்.

ஊர்வலத்துக்கு அவர்கள் பூ அலங்காரத்தோடு ஒரு கார் ஏற்பாடு செய்து நிறுத்தியிருந்தார்கள். மாப்பிள்ளை அதைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "மாமா வண்டியிலயே போவோம்" என்றார். காரிலிருந்த பூச்சரங்களைக் கழற்றி வண்டி ஜன்னல்களில் மாட்டினார்கள், திரைகள் இருந்த இடத்தில். கடைசியில் பெரியவரும் குடையை மடக்கிக்கொண்டு ஏறினார். கட்டிலைக் கையால் அழுத்திப் பார்த்தார். அலமாரிச் சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். "இதுலயே சமையலும் ஆகுமா?" என்றார் தம்பியிடம். "ஊதுகுழல் இருந்தா ஆகும் ஐயா" என்றான் அவன். நடந்தது என்ன என்று கேட்டபோது மகளே முழுக்கதையையும் சொன்னாள். ஒட்டுப்பால் பலூனாக ஊதிய இடத்தில் பெரியவர் சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு அவர் வேட்டியிலேயே பட்டது.

இதெல்லாம் நடந்து நான்கு வருஷங்கள் ஆகப்போகின்றன. மூத்தவள் கிள்ளானில் இரண்டு பிள்ளைகளோடு, தெருவே கேட்கும்படி பேசிக்கொண்டு வாழ்கிறாள். எனக்குத்தான் இன்னும் சரியாகவில்லை. கொதிக்கிற கெண்டியின் மூடி சீறினாலும் நெஞ்சு ஒருமுறை நின்று போகிறது. கல்யாணம் நல்லபடியாக நடந்தது என்று எனக்குத் தெரியும். என் உடம்புக்கு அது இன்னும் தெரியவில்லை போலும்.

வருகிற தை மாதம் சின்னவளுக்குக் கல்யாணம். ரவாங்கில் மாப்பிள்ளை வீடு. என் கணவர் இந்த முறை யாரையும் கேட்காமல் ரயில் நேரங்களை எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சின்னவள் வந்து, "அக்கா மாமா வண்டியில போனா, நான் மட்டும் ரயில்ல போறதா? மாமா வண்டி இல்லன்னா நான் படியிறங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்திருந்தான். புதுக் குழாய் போட்டிருக்கிறேன், உபரியாக இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன் என்று மூடியைத் திறந்து எனக்குக் காட்டினான். நான் பார்த்தேன். உபரி இரண்டையும் வாங்கி வளைத்து, விரிசல் இருக்கிறதா என்றும் பார்த்தேன்.

"எனக்கு நீ ஒண்ணு செய்" என்றேன். "நல்ல நேரம் அது இதுன்னு யார் என்ன சொன்னாலும், நாம முதல் நாளே புறப்பட்டுருவோம்."

"முதல் நாளே போனா பொண்ணு எங்க தங்கும்? மாப்பிள்ளை வீட்டுலயா?" என்றார் என் கணவர், நேரக் குறிப்பிலிருந்து தலை நிமிராமல்.

தம்பி அவரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு வண்டியைப் பார்த்தான். வாசலில் நின்றுகொண்டே, கட்டில்களும் அடுப்பும் முருகன் படமுமாக அது எங்களுக்காகக் காத்திருந்தது. இத்தனை வருஷமாக அதைக் கேலி செய்த எங்களில் ஒருவருக்குமே, அவனுக்கும்கூடத்தான், போன தடவை இது தோன்றியிருக்கவில்லை.

"அத்தான்," என்றான் மிகவும் மரியாதையாக, "வீடுதான் கூடவே வருதுல்ல."

என் கணவர் நேரக் குறிப்பை மடித்தார். பிறகு, "கட்டில் ரெண்டுதான இருக்கு. நான் எங்க படுக்கறது?" என்றார்.